கழுத்துக்கு வால் தெரியாது

காவல் மேற்பார்வையாளர் உலகம்மாள் யாரையும் லேசில் நம்பியவள் இல்லை. துணைவேந்தரின் கார் வந்தாலும் டிக்கியைத் திறக்கச் சொல்வாள். விடுதி மெஸ்ஸுக்குப் பால் ஊற்றுகிறவர் பதினோரு வருடமாக அதே வாசல் வழியாக வருகிறார். இன்றைக்கும் கேனைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போகிறார். குழம்பில் உப்பு சரியாக இருந்தால்கூட, இது எப்படிச் சரியாக இருக்கிறது என்று யோசிக்கிற பெண்பிள்ளை என்று அவள் புருஷன் சொல்லிச் சிரிப்பான். அவன் சிரிப்பதிலும் அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அப்படிப்பட்டவள் முதன்முறையாக ஒரு பொருளை நம்பத் தொடங்கியிருந்தாள். அது நாயின் கழுத்துப்பட்டை.

மேற்குமலை அடிவாரத்தில் முந்நூறு ஏக்கருக்குப் பரந்து கிடக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் ஆறாயிரம் பேர், நாய்கள் நூற்று முப்பத்தெட்டு. மூன்று வருடத்துக்கு முன்னால் நூலக வாசலில் ஒரு மாணவியை நாய்கள் சூழ்ந்து கடித்துவிட்டன. எல்லாவற்றையும் பிடித்துக் கொண்டுபோய்க் கண்காணாத இடத்தில் விட வேண்டும் என்று ஒரு கூட்டம் கொடி பிடித்தது. ஒன்றின் மேலும் கை வைக்கக் கூடாது என்று இன்னொரு கூட்டம் படியில் உட்கார்ந்தது. இரண்டுக்கும் நடுவில் பேராசிரியர் கோமதிநாயகம் ஒரு பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். உயிர் மருத்துவப் பொறியியல் துறை. சட்டைப் பொத்தானை ஒரு நாளும் சரியான துளையில் போடாத மனிதர். ஆனால் மூளை கத்தி.

நாய்களுக்குக் கருத்தடை, தடுப்பூசி, அடையாளத்துக்குக் காது நுனியில் சின்ன வெட்டு. எல்லாம் முடிந்து பிடித்த இடத்திலேயே திரும்ப விடும்போது கழுத்தில் அந்தப் பட்டை. நாயின் இதயத் துடிப்பு, மூச்சு, கழுத்துச் சதையின் இறுக்கம் மூன்றையும் பார்த்து அது ஓர் எண் சொல்லும். கலக்க எண் என்று பெயர். எழுபதைத் தாண்டினால் அக்கம்பக்கத்தில் இருப்பவர்களின் செல்பேசி அதிரும்: ‘நாய் கலக்கத்தில் உள்ளது, சுற்றிப் போகவும்.’ சுற்றிப் போனார்கள். இரண்டு வருடமாக ஒரு கடிகூட இல்லை. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டு, நாயோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகுதான் பட்டைக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள். நாய் கலங்கும்போது பக்கத்தில் யாருடைய அடையாள அட்டை இருக்கிறது என்பதையும் அது குறித்துக்கொள்ளும். நாயைக் கல்லால் அடிக்கிறவன், வெந்நீர் ஊற்றுகிறவன் யார் என்று கண்டுபிடிக்கத்தான். நல்ல எண்ணம்தான். முதல் வாரப் பட்டியலில் வந்த நாலு பேரை உலகம்மாள் கூப்பிட்டு அதட்டினாள். நாலு பேரும் ஒத்துக்கொண்டார்கள். மனுஷன் மறைப்பதை நாய் மறைக்காது என்று அன்றைக்கு அவளுக்குப் பட்டது. இத்தனை வருடம் தான் ஒண்டியாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம், இப்போது கூடவே நூற்று முப்பத்தெட்டு பேர் என்று மனசுக்குள் ஒரு தெம்பு.

இப்படியிருக்கையில் வேதியியல் ஆய்வகத்திலிருந்து ஒரு பிளாட்டினக் கிண்ணம் காணாமல் போனது. உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள். விலையைச் சொன்னால் தலை சுற்றும். துணைப் பதிவாளர் தேவசகாயம், ஆய்வகத்துக்குள் போய்வந்தவர்களின் பட்டியலைக் கேட்காமல், நாய்களின் பட்டியலைக் கேட்டார். நாய்க்கு ஆகாத ஆள் எப்படி நல்ல ஆளாக இருப்பான் என்பது அதற்குள் பல்கலைக்கழகத்தில் எல்லோரும் சொல்கிற பேச்சாகிவிட்டது.

பட்டியலில் முதல் பெயர் இசக்கிமுத்து. காண்ட்ராக்ட் தோட்டக்காரர். கலக்க எண் தொண்ணூற்றாறு. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு மாதமாகத் தினமும். எந்த நாய்க்கும் காயம் இல்லாததால் அதுவரை அவரைக் கூப்பிட்டுக் கேட்காமல் விட்டிருந்தார்கள். வேதியியல் துறை முன்னால் இருக்கிற புல்வெளியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

உலகம்மாள் அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். எப்போதும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவள், அன்றைக்கு இசக்கிமுத்து என்றே கூப்பிட்டாள். அவர் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நாய்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

“நா நாய் பக்கமே போறதில்ல மேடம்” என்றார் இசக்கிமுத்து.

அவர் கண் ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தது. பொய் சொல்கிறார் என்று உலகம்மாளுக்குப் பட்டென்று தெரிந்தது. இருபது வருட அனுபவம். பொய் சொல்கிறவன் முதலில் வெளியே போகிற வழியைத்தான் பார்ப்பான். கிண்ணத்தைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நேராகப் பார்த்து, அப்படியொரு சாமானைக் கண்ணாலேயே கண்டதில்லை என்றார். அது அவளைக் குழப்பியது.

மூன்று நாளில் அறிக்கை வேண்டும், அவள் கையெழுத்தோடு, என்று தேவசகாயம் சொல்லிவிட்டார். அறிக்கை போனால் அடுத்தது போலீஸ். திருட்டுப் பட்டம் ஒட்டினால் இந்த வட்டாரத்தில் ஒரு மனுஷனுக்குத் தோட்ட வேலை மட்டுமில்லை, மாட்டுத் தொழு கழுவுகிற வேலைகூடக் கிடைக்காது. அது அவளுக்குத் தெரியும். அதனால் பட்டியலை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு நேரத்தைப் பார்த்தாள். எல்லாம் காலை ஐந்தே முக்கால். இடம், பழைய பம்ப் ரூம் பின்பக்கம். இசக்கிமுத்துக்கு வேலை தொடங்குவது ஏழு மணிக்கு. ஒன்றேகால் மணி நேரம் முன்னால், ஆளில்லாத இடத்தில், இந்த மனுஷனுக்கு நாய்களோடு என்ன சோலி?

மறுநாள் விடிகிற நேரத்தில் உலகம்மாள் பம்ப் ரூம் பக்கச் சுவரோடு ஒட்டி நின்றாள். பனி விலகவில்லை. மயில் ஒன்று எங்கேயோ கத்தியது. நாய்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எண்ணினாள், பதினாலு. எல்லாம் கிழடு. முன்னங்காலை இழுத்துக்கொண்டு வந்த செவலையை அவளுக்கு நன்றாகத் தெரியும். மாணவர்கள் அதற்கு அரியர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எத்தனை வருஷம் ஆனாலும் போகாமல் கிடக்கிறதாம்.

இசக்கிமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். கேரியரில் ஒரு பழைய எண்ணெய் டின். ஆயுதம், விஷம், திருட்டுச் சாமான் என்று அவள் வரிசையாக நினைத்துக்கொண்டிருந்தபோதே அவர் டின்னைத் திறந்தார். ஆவி பறந்தது. குழைந்த சோறும் கோழிக் கழுத்தும். பதினாலு நாயும் அவரைச் சுற்றித் துள்ளின, முனகின, காலைச் சுற்றின. இழுத்துக்கொண்டு வந்த அரியர் இழுக்கிற காலை மறந்து குதித்தது.

அப்போது உலகம்மாளின் கையில் செல்பேசி அதிர்ந்தது. ‘நாய்கள் கடும் கலக்கத்தில் உள்ளன. கலக்க எண் 97. சுற்றிப் போகவும்.’

அவள் செல்பேசியைப் பார்த்தாள். நாய்களைப் பார்த்தாள். பதினாலு வாலும் பின்பக்கமே கழன்று விழுந்துவிடும் போல ஆடிக்கொண்டிருந்தன. பட்டை இருப்பது கழுத்தில். கழுத்துக்கு வால் எங்கே தெரியும்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலு மாதமாக இந்தப் பட்டியலைத் தான் வேதவாக்காக வைத்துக்கொண்டிருந்ததை நினைத்தாள். செல்பேசியை நிமிர்த்தி ஒரு நிமிடம் வீடியோ எடுத்தாள். அது தொழில் பழக்கம்; கை தானாகச் செய்தது.

அவளைக் கண்டதும் இசக்கிமுத்து கரண்டியோடு எழுந்து நின்றார்.

“இதுக்கா அண்ணாச்சி பொய் சொன்னீய?”

“நாப்பத்தோராம் நம்பர் சுத்தறிக்கைய நீங்கதானே மேடம் எங்க ஷெட்டுல ஒட்டுனீய.”

ஒட்டியது அவள்தான். நாய்களுக்குத் தீவனப் பெட்டிகள் வைத்திருந்தார்கள். பட்டையோடு நாய் வந்தால் பெட்டி திறக்கும், அளந்து உருண்டைத் தீவனம் விழும். வேறு யாரும் சோறு போடக் கூடாது. போட்டால் வெளி நாய்கள் வரும், அளவு கெடும். நிரந்தர ஊழியர் போட்டால் எச்சரிக்கை, காண்ட்ராக்ட் ஆள் போட்டால் வேலை போய்விடும்.

“பெட்டிதான் போடுதே, பெறவு நீங்க எதுக்கு?”

இசக்கிமுத்து அரியரின் வாயை விரித்துக் காட்டினார். ஒரு பல்கூட இல்லை. “உருண்டை கல்லு மாதிரி இருக்கு. இதுவ கடிக்கவா முடியும்? பெட்டி முன்னால போயி நிக்கும், உருண்டை விழும், நக்கிட்டுத் திரும்பிரும். பெட்டில சாப்பிட்டுச்சுன்னு கணக்கு ஏறிரும். வயித்துல ஒண்ணும் ஏறாது.”

இதை நாய் நலக் குழுவில் சொன்னாலே திருட்டுப் பழி போய்விடும் என்றாள் உலகம்மாள். அவர் முகம் வெளிறியது.

“வேண்டாம்மா. திருடன்னு சொன்னா அவங்கதான் நிரூபிக்கணும். சோறு போட்டேன்னு சொன்னா நிரூபிக்க ஒண்ணுமே இல்ல. நா போயிட்டா இதுவளுக்கு யாரு இருக்கா?”

சோற்றைப் பற்றி மூச்சு விடமாட்டேன், கிண்ணத்துக்கு வேறு வழி பார்க்கிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்தாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நாய்கள் கவனிக்கவில்லை, அவற்றுக்குச் சோறு பெரிது.

வேறு வழி பார்க்க அவளுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. மறுநாள் நாய் நலக் குழு கூடியது. தேவசகாயம் மேசையின் தலைமாட்டில், பேராசிரியர் கோமதிநாயகம் ஜன்னல் ஓரத்தில். தேவசகாயம் கெட்டவர் இல்லை. காகிதத்தில் இருப்பதை மட்டும் பார்க்கிறவர். அன்றைய காகிதத்தைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

“உலகம்மாள், இசக்கிமுத்து பேருக்கு அடுத்தாப்ல உங்க பேரு இருக்கு. அதே இடம், அதே நேரம். தொண்ணூத்தேழு.”

அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒளிந்து நின்றிருக்கிறாள்! வாயில் வந்த எந்தப் பதிலும் அவளுக்கே நம்பும்படியாக இல்லை. ஒரு காவல் மேற்பார்வையாளரும் ஒரு தோட்டக்காரரும் விடியற்காலையில் பாழடைந்த பம்ப் ரூமில், கிண்ணம் காணவில்லை. யாராவது இதைத் தன்னிடம் கொண்டுவந்திருந்தால் தான் என்ன நினைத்திருப்போம் என்று அவளுக்குத் தெரியும். இருபது வருடம் மற்றவர்களை நிறுத்தி வைத்த இடத்தில் இப்போது அவள் நின்றாள். அந்த இடம் இவ்வளவு குளிராக இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

செல்பேசியை எடுத்து மேசையில் வைத்தாள். வீடியோ ஓடியது.

அவரைக் காப்பாற்றத்தான் காட்டினேன் என்று பின்னால் பல தடவை தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள். பாதி உண்மை அது. மீதிப் பாதி, தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளக் காட்டியது.

கோமதிநாயகம் வீடியோவை மூன்று முறை பார்த்தார். முகம் முதலில் கறுத்தது. பிறகு பொம்மை கிடைத்த பிள்ளை முகம் மாதிரி ஆனது. “பயந்தாலும் நெஞ்சு வேகமா அடிக்கும், சந்தோஷப்பட்டாலும் அடிக்கும். மூச்சும் அப்படித்தான். வித்தியாசம் வால்ல இருக்கு. நான் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன்” என்றவர், வாலுக்கு ஒரு வளையம் செய்தால் போதும் என்று அங்கேயே காகிதத்தில் வரையத் தொடங்கிவிட்டார்.

தேவசகாயம் வீடியோவை ஒரு முறைதான் பார்த்தார். “திருட்டுச் சந்தேகம் நீங்கிடுச்சு. சந்தோஷம். ஆனா இது நாப்பத்தோராம் சுற்றறிக்கை மீறல். தினமும், நாலு மாசம். நேத்து வரைக்கும் போலீஸ்னு இருந்த ஆளு, இன்னிக்கு மரியாதையா வீட்டுக்குப் போறாரு. அவருக்கு நல்லதுதான் செஞ்சிருக்கீங்க.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. பல் இல்லாத நாய்களைப் பற்றி உலகம்மாள் சொல்லிப் பார்த்தாள். பெட்டியின் கணக்குப்படி எல்லா நாயும் சாப்பிட்டிருக்கிறதே என்றார் அவர், தாளைப் புரட்டிக் காட்டி. கோமதிநாயகம் வரைந்துகொண்டிருந்தார், அவர் காதில் எதுவும் விழவில்லை.

சாயங்காலம் இசக்கிமுத்து அட்டையை ஒப்படைக்க வந்தார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார், அதற்கு என்ன சொல்வது என்று காலையிலிருந்து உலகம்மாள் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் கேட்கவே இல்லை. “அரியருக்கு இடது பக்கம் புண்ணு. சோத்த ஆற வச்சுத்தான் வைக்கணும்” என்று மட்டும் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்று யோசித்தவர் போலச் சற்று நின்றுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவர் போன ஐந்தாம் நாள் கிண்ணம் கிடைத்தது. ஆய்வக உதவியாளர் ஒருவர் கண் அறுவைச் சிகிச்சைக்காக விடுப்பில் போகும்போது, பத்திரமாக இருக்கட்டும் என்று உப்பு டப்பாவுக்குள் வைத்து அலமாரியில் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவரை யாரும் கேட்கவில்லை. நாய்கள் அவரைக் கண்டுகொள்வதில்லை. பட்டியலில் அவர் பெயரே இல்லை.

அந்த வாரத்துக்குள் வால் வளையம் வந்துவிட்டது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்றார்கள் பெரியவர்கள். அதை அளக்க முடியும் என்று காட்டினார் கோமதிநாயகம். இப்போது பயத்துக்கு ஓர் எண், மகிழ்ச்சிக்கு ஓர் எண். மகிழ்ச்சி எண் எழுபதைத் தாண்டினாலும் பக்கத்தில் இருப்பவரின் பெயரோடு குழுவுக்குத் தகவல் போகும். கள்ளத்தனமாகச் சோறு போடுகிறவர்களைப் பிடிக்க வசதி என்று தேவசகாயம் அதைச் சேர்க்கச் சொல்லியிருந்தார்.

ஆனால் தினமும் காலை ஐந்தே முக்காலுக்குப் பம்ப் ரூம் பக்கம் பதினாலு பட்டைகள் அலறின. கோமதிநாயகம் உலகம்மாளின் அறைக்கே வந்துவிட்டார். “பக்கத்துல ஓர் அட்டைகூட இல்ல. நெஞ்சு துடிக்குது, வால் ஆடல. பயமும் இல்ல, சந்தோஷமும் இல்ல. இது என்ன எண்ணுன்னே புரியல.”

“காத்துக்கிட்டு இருக்குவ சார்” என்றாள் உலகம்மாள்.

அவர் பேனாவைத் திறந்தார், எழுதவில்லை, மூடிவிட்டார். பொத்தான் தப்பிய சட்டையோடு எழுந்து போனார்.

மறுநாள் விடியுமுன் உலகம்மாள் வீட்டில் சோறு வடித்தாள். கோழிக் கழுத்தை முந்தின நாளே வாங்கி வைத்திருந்தாள். யாருக்கு என்று கேட்ட புருஷனை முறைத்தாள். அவன் வாழ்க்கையில் முதன்முறையாக அவளைச் சந்தேகமாகப் பார்த்தான். பல்கலைக்கழக வாசல் தாண்டியதும் அடையாள அட்டையைக் கழற்றி வேப்பங்கிளையில் மாட்டினாள். அட்டை இல்லாமல் வந்தவர்களை வெயிலில் நிறுத்தி வைத்த அதே வேப்பமரம். அரியருக்கு மட்டும் ஆற வைத்துப் போட்டாள். முதல் நாள் நாய்கள் அவளுக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தன. சைக்கிளைத் தேடுகின்றன என்று அவளுக்குப் புரிந்தது. நாலாம் நாள் அவளைப் பார்த்தே வாலாட்டின.

அன்று பகலில் குழு கூடியது. தேவசகாயம் தாளை நீட்டினார். பம்ப் ரூம், மகிழ்ச்சி எண் தொண்ணூற்றைந்து, அட்டை எதுவும் இல்லை. யாரோ அட்டை போடாமல் உள்ளே வருகிறார்கள், இது பாதுகாப்புப் பிரச்சினை, ஆளைக் கண்டுபிடிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்றார். பிறகு, “உங்களுக்கு யார் மேல சந்தேகம்?” என்று கேட்டார்.

“எனக்கு எல்லார் மேலயும் உண்டு சார். விசாரிக்கேன்” என்றாள் உலகம்மாள். கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. தன் வேலை தன் கையில்தான் இருக்கிறது, தன்னைத் தானே பிடிக்காமல் இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவளை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே வராந்தாவில் காலை இழுத்துக்கொண்டு ஏதோ வருகிற சத்தம் கேட்டது. அவள் குரலைக் கேட்டு வந்திருக்கிறது. அரியர் ஜன்னல் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்து, வளையம் மாட்டிய வாலைத் தூணில் படார் படாரென்று அடித்தது. போ என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். அது இன்னும் வேகமாக ஆட்டியது. நாய் மறைக்காது என்று தெம்பாக இருந்தவள்தானே.

கோமதிநாயகத்தின் செல்பேசி அதிர்ந்தது. தேவசகாயத்தின் செல்பேசி மேசைக்கு அந்தப் பக்கம் சார்ஜில் கிடந்து அதிர்ந்தது. பேராசிரியர் படித்தார். ‘மகிழ்ச்சி எண் 98. மிக அருகில் இருப்பவர்: உலகம்மாள், காவல் மேற்பார்வையாளர்.’ தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பிறகு வாலைப் பார்த்தார். தேவசகாயம் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“எழுந்திருக்காதீங்க சார்” என்றார் கோமதிநாயகம். “இந்த நாயோட பட்டை காலைலேர்ந்து கண்டபடி காட்டுது. கருவி தப்பு. வால் வளையமே சரிப்பட்டு வரல, எல்லாத்தையும் கழட்டிரலாம்னு இருக்கேன்.”

மூன்று வருடத்தில் தன் கருவி தப்பு என்று அந்த மனிதர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. அவரே சொன்ன பிறகு தேவசகாயம் என்ன செய்வார்? உட்கார்ந்துவிட்டார், தாளில் கருவிக் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உலகம்மாள் வராந்தாவுக்கு வந்தபோது கோமதிநாயகம் தரையில் குந்தி, அரியரின் பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பட்டை இருந்த இடத்தில் ரோமம் தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. இவர் எதற்காக இதைச் செய்கிறார், நாளைக்கு இதை வைத்து என்ன கேட்பார் என்று அவள் மனசு பழக்கப்படி கணக்குப் போடத் தொடங்கியது. அவர் நிமிர்ந்து பார்க்காமல் நாயின் கழுத்தைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

“சோறு நல்லாக் குழைய வடிக்கிறீங்களா?”